குளிர்ப்பெட்டியும் கூரைச் சாளரமும்

புதுக்கடையிலிருந்து பெரியவர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கின்றார். கனடாவில் வாழும் அவருடைய மகன், விடுமுறைக் காலத்தில் ஊர் சுற்றுவதற்கென ஒரு சக்கர வீடு வைத்திருக்கின்றாராம். காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்வது அது; அங்கே 'ட்ரெய்லர்' என்பர், நம்மவர் சிலர் 'கரவன்' என்பர். அதன் கூரைமேல் வீற்றிருந்த குளிரூட்டியை மகன் கழற்றி இறக்கிவிட்டு, அஃது இருந்த துவாரத்திலேயே ஒளிபுகும் மூடியும் சிறு விசிறியும் கொண்ட கூரைச் சாளரம் ஒன்றைப் பொருத்திவிட்டாராம். "இப்பொழுது நித்திரை நன்றாக வருகிறது, அப்பா" என்று மகன் எழுதியதைப் படித்த தந்தைக்கு ஓர் ஆசை பிறந்தது. தம் வீட்டு நடு அறையின் குளிரூட்டியையும் கழற்றிவிட்டுக் கூரையைத் திறந்தால் என்ன? "செய்யலாமா, கூடாதா? ஒரு சொல்லில் விடை தருக" என்று கடிதத்தை முடித்திருக்கின்றார்.

ஒரு சொல்லில் விடை தருவது நீதவான்களுக்கு இயலும்; புதுக்கடையிலே அவர்களுக்குப் பஞ்சமில்லை. பத்தி எழுதும் நமக்கு அஃது இயலாது. ஆயினும் இக்கேள்வி அப்பெரியவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. வாழைத்தோட்டத்திலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையின் உள் ஒழுங்கைகளிலும் இதே கேள்வியை மனத்தில் வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு. ஆதலால் சற்று விரிவாகவே பேசுவோம்.

முதலில் அந்தச் சக்கர வீட்டைப் பார்ப்போம். வட அமெரிக்காவிலே இத்தகைய வண்டிகளின் கூரையில் ஏறத்தாழ 14 அங்குலச் சதுரமான துவாரம் ஒன்று வெட்டப்படுவது வழக்கம். குளிரூட்டியும் அதே அளவில் வரும். காற்றுப்போக்கியும் அதே அளவில் வரும். ஒன்றை எடுத்து மற்றொன்றை வைப்பது அதனால் எளிதாகின்றது. எடுக்கப்பட்ட குளிரூட்டியின் எடை 45 கிலோ அளவில் இருக்கும். ஓடும்போது அது 1,300 முதல் 1,500 வாற்று வரை மின்சாரம் கொள்ளும். வைக்கப்பட்ட சாளரத்தின் விசிறிக்கோ 30 வாற்று அளவே போதும். வண்டியிலுள்ள பற்றரியே அதனை இரவு முழுவதும் சுழற்றிவிடும். மின் இணைப்பு இல்லாத காட்டோரத்திலும் ஏரிக்கரையிலும் தங்குவோருக்கு இது பெரிய விடுதலை. இவற்றுக்கு மேலாகக் கனடாவின் கோடை இரவு பெரும்பாலும் குளிர்ச்சியானது. வெளிக்காற்றை உள்ளே விட்டாலே உறக்கம் வந்துவிடும்.

கொழும்பிலோ இரவுக் காற்றே 25 பாகையில் நிற்கின்றது. ஈரமோ நூற்றுக்கு எண்பதைத் தாண்டுகின்றது. மகனுக்குப் பலித்த மருந்து தந்தைக்கும் அப்படியே பலிக்கும் என்று எண்ணுவதற்கில்லை. இதனால் அவர் ஆசை வீண் என்றும் நாம் சொல்லமாட்டோம். எப்படியென்று பார்க்க அவருடைய வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

வீட்டின் அமைப்பைப் பெரியவர் தெளிவாகவே எழுதியிருக்கின்றார். வீதி முகப்பு 14 அடி. நீளம் 70 அடிக்கு மேல். இரு பக்கமும் அயலாருக்கும் பொதுவான சுவர்; சன்னல் வைக்க இடமில்லை. நடுவிலே வானம் பார்த்த சிறு முற்றம் ஒன்று இருந்ததாம். பிள்ளைகள் வளர்ந்தபோது அறை போதாமையால் அம்முற்றத்தின்மேல் தகடு போட்டு மூடி, கீழே சீலிங் அடித்து, அதனை அறையாக்கினர். அறையாக்கிய முதல் ஆண்டே புழுக்கம் தாங்கமுடியாது போயிற்று. குளிரூட்டி வந்தது. அதன் வெளிப்பெட்டி கூரைமேல் ஏறியது. அது கக்கும் வெந்நீராவி போன்ற காற்று அயல்வீட்டு மாடிக்குப் போகின்றது. அயலார் என் செய்வர்? அவர்களும் சன்னலை மூடிக் குளிரூட்டி வாங்கினர். நகரத்தின் கதை முழுவதும் இந்த ஓர் ஒழுங்கைக்குள் அடங்கிவிடுகின்றதன்றோ?

அந்த முற்றத்தை முன்னோர் வீணாக விட்டுவைக்கவில்லை. புதுக்கடையை ஆங்கிலத்தில் 'ஹல்ஸ்டோர்ப்' என வழங்குவர். 1656இல் போர்த்துக்கீசரின் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டு, அவ்வாண்டு ஏப்ரலில் இங்கே உயிர்நீத்த ஒல்லாந்தத் தளபதி ஜெரார்ட் ஹுல்ஃப்ட் என்பவரின் பெயரால் அமைந்த ஊர்ப்பெயர் அது. ஏப்ரல் மாதத்துக் கொழும்பு வெயிலில், கனத்த ஐரோப்பிய உடையோடு முற்றுகைப் போர் புரிந்த அம்மனிதர் என்ன பாடுபட்டிருப்பார் என்று நாம் சில வேளை எண்ணுவதுண்டு. அவருக்குப் பின் 1796 வரை இந்நகரை ஆண்ட ஒல்லாந்தர் இவ்வெப்பத்தை அறிந்தே வீடு கட்டினர்: வீதியை நோக்கி விறாந்தை, உயர்ந்த ஓட்டுக் கூரை, நடுவே திறந்த முற்றம். புறக்கோட்டையிலே, ஆளுநர் தோமஸ் வான் றீயின் இல்லமாக 17ஆம் நூற்றாண்டில் இருந்து, 1982இல் ஒல்லாந்தர் கால அரும்பொருட்சாலையாகத் திறக்கப்பட்ட கட்டடம் இதற்கு நல்ல சான்று. புதுக்கடையிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவுதான். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் பிறந்து வளர்ந்தோருக்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை.

முற்றம் என்ன வேலை செய்கின்றது? மாணவர்கள் இவ்விடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். சூடான வளி விரிவடைந்து இலேசாகி மேலெழும். மேலே வழியிருந்தால் வெளியேறும். அது விட்ட இடத்தை நிரப்பக் கீழ்வழிகளால் வெளிவளி உட்புகும். புகைபோக்கி தொழிற்படுவதும் இம்முறையிலேயே. ஈரானின் யஸ்து நகரிலே வீட்டுக் கூரைகளின்மேல் எழுப்பியுள்ள காற்றுக் கோபுரங்களும் இவ்வியல்பைத் துணைக்கொள்கின்றன. மேல்வழிக்கும் கீழ்வழிக்கும் இடையிலான உயரமும், உள்ளும் புறமுமான வெப்ப வேறுபாடும் மிகுந்தால் ஓட்டமும் மிகும். பெரியவரின் அறைக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். வழிகளுக்கிடையே உயரம் 10 அடி. வெளியைவிட உள்ளே வெப்பம் 4 பாகை கூட. மேலும் கீழும் 14 அங்குலச் சதுரத் துவாரம் ஒவ்வொன்று எனக் கொண்டால், விசிறி எதுவுமின்றியே மணிக்கு 170 கன மீற்றர் அளவில் வளி ஓடும். பத்தடிக்குப் பன்னிரண்டடியான, பத்தடி உயரமுள்ள அறையின் கொள்ளளவு 34 கன மீற்றர். எனவே, அறையின் வளி மணிக்கு ஐந்து முறை மாறிவிடும். துவாரங்களை இரண்டடிச் சதுரமாக்கினால் ஏறக்குறைய மூன்று மடங்கு.

இக்கணக்கில் ஒரு பொறி உண்டு. உள்ளும் புறமும் ஒரே வெப்பமாயின் வேறுபாடு பூச்சியம், ஓட்டமும் பூச்சியம். நண்பகலில் வெளியே 32 பாகை கொதிக்கும்போது கூரையைத் திறந்துவைத்தாலும் அறை 32 பாகைக்குக் கீழே இறங்காது. கூரைச் சாளரம் வெப்பத்தை வெளியேற்றுமேயன்றிக் குளிரை உண்டாக்காது. ஆனால் வளி அசைந்தால் வியர்வை உலரும்; ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து 580 கிலோகலோரி அளவில் வெப்பத்தைக் கொண்டுபோகும். வினாடிக்கு ஒரு மீற்றர் வேகத்தில் வளி மேலே பட்டால் இரண்டு மூன்று பாகை குறைந்தாற்போன்ற சுகம் தோன்றும். ஆகவே, மேலே சாளரம், கீழே வழி, இடையில் ஒரு சாதாரண மின்விசிறி என மூன்றும் சேர்ந்தால்தான் கொழும்பு வீட்டுக்குப் பயன் கிட்டும்.

இனிக் குளிரூட்டியின் பக்கத்தையும் நியாயமாகக் கேட்க வேண்டும். வில்லிஸ் கரியர் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1902இல் இதனை அமைத்தபோது அவர் மனத்திலிருந்தது மனிதனின் சுகமன்று, காகிதத்தின் சுகம்! நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி வண்ண அச்சு பிசகியதைத் தடுக்கவே அது பிறந்தது. ஈரத்தைப் பிழிந்தெடுப்பது அதன் பிறவிக்குணம். அவ்வேலையைக் கூரைச் சாளரத்தால் ஒருபோதும் செய்ய முடியாது. புத்தகத்தில் பூஞ்சணம் பிடிப்பதும், அலுமாரிச் சட்டைகளில் நெடி வீசுவதும் அடைத்த அறையில் எளிது. திறந்த வீட்டில் வளி ஓடுவதால் அது குறையும். அடைமழை நாளில் குறையாது.

கடையில் 'ஒரு தொன் குளிரூட்டி' என்று விற்கின்றார்களே, அந்தத் தொன் யாது? அஃது இயந்திரத்தின் எடையன்று. ஒரு அமெரிக்கத் தொன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அவ்வளவு வெப்பத்தை ஒரு நாளில் அகற்றும் ஆற்றல் என்பது பொருள். பனிக்கட்டி விற்ற காலத்தின் நினைவு இன்னும் விலைச்சீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

இயந்திரத்தைப் பற்றிப் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. வீடுகளில் சுவரில் மாட்டும் சாதாரணக் குளிரூட்டி வெளியிலிருந்து புதுவளி எதனையும் கொண்டுவருவதில்லை. அறையின் வளியையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்வித்து விடுகின்றது. கதவையும் சன்னலையும் இறுக அடைத்து, உள்ளே நாலு பிள்ளைகள் இருந்து படித்தால், அவர்கள் விட்ட மூச்சின் காபனீரொட்சைட்டு அங்கேயே தங்கிப் பெருகும். இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்குத் தலை பாரமாக இருக்கிறதென்றால், கணிதத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள்; கதவைச் சிறிது திறந்துவிட்டும் பாருங்கள்.

அடைத்த வீட்டின் துன்பம் முழுமையாக வெளிப்பட்டது 2022இல். அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. மே 23இல் தொடங்கவிருந்த க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகள் மெழுகுதிரி ஒளியில் படித்த நாள்கள் அவை. திறந்த முற்றமுள்ள வீட்டார் பாயை முற்றத்தோரம் விரித்துப் படுத்தனர். முற்றத்தை மூடிய வீட்டார் வாசற்படியில் வந்து அமர்ந்தனர். குளிரூட்டி இருந்த அறையே வீட்டில் இருக்கமுடியாத அறையாயிற்று. ஏனெனில் அதற்கு வேறு வழியே வைக்கப்படவில்லை. நோயாளியான முதியவர்களை வைத்திருந்தோர் அன்று பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பின்பு மின்சாரம் திரும்பியது. கட்டணமோ 2022 ஓகஸ்டில் சராசரி நூற்றுக்கு 75உம், 2023 பெப்ரவரியில் நூற்றுக்கு 66உம் ஏறிற்று. அதற்குப் பின் சில முறை குறைந்தும் ஏறியும் வந்திருப்பினும், அலகு கூடக் கூட விலையும் கூடும் படிமுறை வீட்டுக் கட்டணத்தில், ஒரு தொன் இயந்திரம் இரவு தோறும் ஓடினால் மாதத்துக்கு நூற்றைம்பது அலகளவு அதுவே விழுங்கிவிடும். ஒரு மின்விசிறி அதே நேரத்தில் பதினைந்து, இருபது அலகோடு நின்றுவிடும்.

கூரையைத் திறந்து வாழ்ந்து காட்டியவர் நம் நகரத்திலேயே இருந்தார். ஜெஃப்ரி பாவா (1919 – 2003) என்ற கட்டடக் கலைஞரை அறியாதார் இல்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றக் கட்டடம் அவர் ஆக்கம். ஆனால் அவர் முதலில் படித்தது சட்டம். கொழும்பிலே சிறிது காலம் சட்டத் தொழிலிலும் இருந்தார். வழக்கறிஞராக நிலைத்திருந்தால் புதுக்கடைக்கு இலாபம், நாட்டுக்கு நட்டம். அவர் 1958இல் கொள்ளுப்பிட்டியில், பகத்தலே வீதியை அடுத்த 33ஆம் ஒழுங்கையில், வரிசையாக ஒட்டிக்கட்டிய நான்கு சிறு வீடுகளுள் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். பத்தாண்டளவில் நான்கும் அவர் கைக்கு வந்தன. இடையிலிருந்த சுவர்களை ஊடறுத்து ஒரே வீடாக்கியபோது, உள்ளே ஒளிக்கும் வளிக்கும் என் செய்வது? பக்கங்களில் வழியில்லை. பெரியவரின் வீட்டுக்குள்ள அதே தடை! அவர் கூரையை அங்குமிங்கும் அகற்றிச் சிறு சிறு முற்றங்களை வானுக்குத் திறந்துவிட்டார். ஒன்றில் குளம், ஒன்றில் ஒரு மரம், ஒன்றில் வெறும் ஒளி. பரப்பளவில் அவை அற்பம். சில இடங்களில் ஒரு மேசையளவுதான் இருக்கும். நீண்டு ஒடுங்கிய வீட்டுக்கு மேலிருந்துதான் மூச்சு வரவேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வீடு கொழும்பில் இல்லையென்றே சொல்லுவோம்.

ஆகவே பெரியவரே, நடு அறையைத் திறக்கலாம் என்பதே நம் எண்ணம். ஆனால் மகன் செய்தபடியே செய்யற்க. அவர் வண்டியின் மூடி மல்லாந்து வானத்தைப் பார்ப்பது. ஒளிபுகும் பொருளால் ஆனது. கனடாவில் சூரியன் சாய்ந்தே வருவதால் அங்கே அது தகும். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகையில் உள்ளது. ஏப்ரல் முதல் வாரமளவில் நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், செப்டெம்பர் தொடக்கத்தில் மீண்டும் நிற்கும். மல்லாந்த கண்ணாடியின் கீழ் அப்போது உட்காருவது அடுப்பில் உட்காருவதற்குச் சமம். எனவே கூரையின் நடுப்பகுதியை ஓரடி, ஒன்றரையடி உயர்த்தி, அதன்மேல் வெயில் புகாத சிறு கூரை போட்டு, நிமிர்ந்த பக்கங்களில் வழிவிடுவதே நமக்கேற்றது. கண்ணாடி வைப்பதாயின் வடக்கு முகத்தில் வைத்து, மேலே அரையடித் தாழ்வாரம் நீட்டுக. கிழக்கிலும் மேற்கிலும் வேண்டாம். அதற்கும் முன்னதாக, உள்ள கூரைத் தகட்டின் மேற்புறத்துக்கு வெள்ளை பூசுக. வெயிலின் பெரும்பகுதியை அது திருப்பியனுப்பிவிடும்; செலவோ மிகச் சிறிது. இதைச் செய்த பின்பே சாளரத்தின் அளவைத் தீர்மானித்தல் நன்று.

இவ்விடத்தில் ஓர் அபாயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கின்றது. முற்றத்தை மூடிய தகடு பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ் ஆகவே இருக்கும், தமிழிலே கல்நார். அதனை வாளாலோ சுழல் வெட்டியாலோ அறுத்தால் எழும் தூளில் கண்ணுக்குத் தெரியாத நார்கள் உள்ளன. மூச்சோடு நுரையீரலுள் போய்த் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயை உண்டாக்கவல்லவை அவை. இந்நாட்டிலே 2018 முதல் இதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு எண்ணியிருந்தது. 2017 டிசம்பரில் கல்நார் விற்கும் ரஷ்யா, தேயிலைப் பெட்டியில் வண்டு இருந்ததென்று சொல்லி நம் தேயிலையை நிறுத்தியதும், அந்த எண்ணம் ஒத்திப்போடப்பட்டது. வண்டுக்கும் கல்நாருக்கும் உறவு யாதென வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். நாம் சொல்ல வந்தது இதுவே: அத்தகட்டில் துவாரம் வெட்டாதீர்கள். நீர் தெளித்து நனைத்து, ஆணியை மெல்லக் கழற்றி, முழுத் தகட்டையே உடையாமல் இறக்குவித்து, அவ்விடத்தில் புதிய அமைப்பை வைக்கச் செய்யுங்கள். பிள்ளைகளை அன்று உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

குளிரூட்டியைக் கழற்றுவதும் மேசனின் வேலையன்று. குழாயை அறுத்து வாயுவைக் 'புஸ்' என்று வெளியே விடுவோர் உளர். பழைய இயந்திரத்திலுள்ள ஆர்-22 என்ற வாயு ஓசோன் படையை அரிப்பது. 1987இன் மொன்றியல் உடன்படிக்கை அதற்கெதிராகவே எழுந்தது. பின்வந்த ஆர்-410ஏ ஓசோனுக்குத் தீங்கில்லாதது. ஆனால் அதன் ஒரு கிலோ, பூமியைச் சூடாக்குவதில் இரண்டாயிரம் கிலோ காபனீரொட்சைட்டுக்கு நிகர். வாயுவைச் சிலிண்டரில் மீட்டெடுக்கத் தெரிந்த தொழிலாளியையே அழையுங்கள்.

மழையையும் நுளம்பையும் பற்றித் தாய்மார் கேட்பார்கள். தென்மேற்குப் பருவமழை சாய்ந்தடிக்கும்; ஆதலின் பக்கவழிகளில் கீழ்நோக்கிச் சரிந்த பலகைச் சட்டங்களும், கூரையோடு சேருமிடத்தில் நீர் புகாத அலுமினியத் தகடும் தேவை. உட்புறம் நுளம்பு வலை அடிக்க வேண்டும். 2017இல் இந்நாட்டில் ஓராண்டிலேயே ஓர் இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு ஐயம் பதிவானதை மறக்கலாகாது. வலை வளியோட்டத்தைக் கணிசமாகக் குறைக்குமாகலின், வழியைக் கணக்கிட்டதைவிட ஒன்றரை மடங்காவது பெரிதாக விடுக. புதிய பீலியில் இலை அடைத்து நீர் தேங்கினால் நுளம்புக்கு நாமே வீடு கட்டியதாகும். மாதத்துக்கு ஒருமுறை ஏணி வைக்க ஆளுண்டா என்று இப்பொழுதே யோசிக்க வேண்டும். குளிரூட்டியின் நீர்த்தட்டிலும் இதே நுளம்பு வளரும் என்பதையும் சொல்லிவைக்கின்றோம்.

கீழ்வழி மறக்கப்படுவதே பெரும்பாலும் நடப்பது. மேலே எவ்வளவு திறந்தாலும் கீழே வழியில்லையேல் வளி அசையாது. வீதிக் கதவின் மேல் கம்பிச் சட்டமும், அறைக்கதவின் அடியில் மரச்சட்டங்களும் விடுக. சுவரில் பழைய சன்னற் குளிரூட்டி இருந்த வீடாயின், அது விட்டுப்போன சதுரத் துவாரத்தைச் சீமெந்தால் அடைத்துவிடாமல் வலையடித்து விட்டுவைப்பது நன்று.

வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பு வாசகர்கள், "எங்கள் தலைக்கு மேல் கூரையில்லையே, இன்னொரு குடும்பமல்லவா இருக்கிறது" என்பர். உண்மையே. அவர்களுக்குக் கடற்காற்று உண்டு. கதவுகளுக்கு மேல் சிறு சாளரம் வெட்டி மேற்குச் சன்னலிலிருந்து கிழக்குச் சன்னல் வரை வழிவிட்டால் பெரும்பாலும் போதும். இருதய நோயாளியோ பச்சிளங் குழந்தையோ உள்ள வீட்டிலும், வாகனப் புகை நேரே வரும் பெருவீதி வீட்டிலும் ஓர் அறைக்குக் குளிரூட்டியை வைத்துக்கொள்வதில் தவறேதுமில்லை. பெரியவரும் படுக்கையறை இயந்திரத்தை இருக்கவிட்டு, நடு அறையினதை மட்டும் அகற்றட்டும். வேலையைப் பெப்ரவரி வறட்சியில் தொடங்கினால், ஏப்ரல் வெயிலுக்கு முன்னரே கூரை மூடப்பட்டுவிடும். மே மாதத்து முதல் பெருமழைக்கு ஒழுக்கு எங்கேயென்று பார்த்து, அதுவரை மேசனுக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடாதிருப்பது உத்தமம்.